'சேமிக்கப்ப': பாதியில் நின்ற ஒரு பொத்தான்

என் சித்தப்பா கொட்பே மீன்பிடித் துறைமுகத்திலிருந்து தொழிலுக்குப் போகிறவர். படகு எஞ்சினைத் தவணைக்கு எடுத்து, மாதாமாதம் நகரத்துக் கடையொன்றில் பணம் கட்டி வந்தார். ஒரு மாதம் கடையிலிருந்து அழைப்பு வந்தது. சென்ற மாதத் தவணை கட்டப்படவில்லை, தாமதக் கட்டணமும் சேர்ந்திருக்கிறது என்றார்கள்.

"தம்பி, நான் காசு குடுத்தனான். பிரிண்டர் வேலை செய்யேல்லை எண்டு துண்டு தரேல்லை. கொம்பியூட்டர்ல ஏறிட்டுது எண்டு அந்தப் பிள்ளை சொன்னது" என்றார் சித்தப்பா.

அவரோடு நானும் கடைக்குப் போனேன். பணம் வாங்கிய பிள்ளை அழுகிற நிலையில் இருந்தார். "ஐயா, நான் அழுத்தினனான். பச்சையா வந்தது. அதுக்குப் பிறகுதான் அடுத்த ஆளைக் கூப்பிட்டனான்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். இரண்டு பேரில் ஒருவர் பொய் சொல்கிறார் என்றுதான் கடையில் நின்ற எல்லோரும் நினைத்திருப்பார்கள். பொய் சொன்னது மூன்றாவது ஆள் என்பது பிறகுதான் தெரிந்தது. அது திரையில் இருந்த ஒரு பொத்தான்.

கடைக்காரரிடம் கேட்டு அந்த மென்பொருளைத் திறந்து பார்த்தேன். மேசைக் கணினியில் நிறுவி ஓடுகிற சாதாரணக் கணக்குச் செயலி அது. முதலில் ஆங்கிலத்தில் எழுதப்பட்டு, பிறகு சிங்களமும் தமிழும் சேர்க்கப்பட்டிருந்தது. தமிழைத் தெரிவு செய்தால் 'சேவ்' என்ற பொத்தான் 'சேமி' என்று மாறும். அதை அழுத்தியவுடன் சாம்பல் நிறம் பச்சையாகிறது, எழுத்தும் மாறுகிறது. ஆனால் பொத்தானின் அகலம் மாறவில்லை. அதனால் திரையில் தெரிந்தது 'சேமிக்கப்ப' மட்டும்தான்.

இணைப்புக் கம்பியைக் கழற்றிவிட்டு இன்னொரு முறை அழுத்திப் பார்த்தோம். தரவு எங்கும் போயிருக்க முடியாது. அப்போதும் பொத்தான் பச்சையானது, 'சேமிக்கப்ப' என்றே காட்டியது.

ஆறு எழுத்து வரை ஒன்றே

தமிழில் மறுப்பு சொல்லின் கடைசியில் வருகிறது. 'சேமிக்கப்பட்டது', 'சேமிக்கப்படவில்லை', 'சேமிக்கப்படுகிறது' ஆகிய மூன்றையும் எழுதிப் பாருங்கள். முதல் ஆறு எழுத்துகள் மூன்றிலும் ஒன்றே. நடந்ததா, நடக்கவில்லையா, நடந்துகொண்டிருக்கிறதா என்பதை ஏழாவது எழுத்திலிருந்துதான் அறியலாம். 'அனுப்பப்பட்டது', 'அனுப்பப்படவில்லை' என்பவையும் அப்படியே. 'செலுத்தப்பட்டது', 'செலுத்தப்படவில்லை' என்பவற்றிலும் ஆறு எழுத்து வரை வேறுபாடு இல்லை.

ஆங்கிலத்தில் 'நொட்' என்ற மறுப்புச் சொல் முன்னால் வந்துவிடுகிறது. பொத்தானின் வலப்பக்கம் வெட்டுப்பட்டாலும் மறுப்பு தப்பிவிடும். தமிழில் வலப்பக்கம் வெட்டுப்பட்டால் முதலில் போவது மறுப்புத்தான். சிங்களத்திலும் மறுப்பு வினைக்குப் பின்னால்தான் வருகிறது. ஆகவே இந்த நாட்டின் இரண்டு அரசகரும மொழிகளுக்கும் பொதுவான ஆபத்து இது. ஆங்கிலத்தில் மட்டும் சோதித்துப் பார்க்கிற ஒருவருக்கு இது ஒருபோதும் கண்ணில் படாது.

பொத்தான் எப்படி மாறுகிறது?

என்னோடு படித்து இப்போது கொழும்பில் மென்பொருள் எழுதுகிற நண்பரிடம் கேட்டேன். ஊடகக் கற்கை படித்த எனக்குப் புரியும்படி அவர் விளக்கியதன் சாரம் இது.

திரையில் தெரியும் பொத்தான் ஒரு பொருளல்ல. ஒரு நிலையின் படம். அழுத்தத் தயார், சுட்டி மேலே நிற்கிறது, அழுத்தப்பட்டிருக்கிறது, வேலை நடக்கிறது, முடிந்தது, தவறியது, அழுத்த முடியாது என்று அதற்குப் பல நிலைகள் இருக்கலாம். நிலை மாறும்போது செயலி அந்தப் படத்தை மீண்டும் வரைகிறது. ஜாவா ஸ்விங், கியூட்டி, வின்டோஸ் ஃபோம்ஸ், டபிள்யூபிஎஃப் என்று எந்தக் கருவித்தொகுப்பில் எழுதினாலும் அடிப்படை இதுதான். நிறம், எழுத்து, எழுத்துரு, அகலம், அழுத்த முடியுமா முடியாதா என்பவை எல்லாம் ஓடிக்கொண்டிருக்கும்போதே மாற்றக்கூடிய பண்புகள். ஒவ்வொன்றையும் மாற்ற ஒரு வரி போதும்.

சிக்கல் அந்த வரியை எங்கே எழுதுவது என்பதில் இருக்கிறது. அந்தக் கடையின் செயலியில் நிறத்தைப் பச்சையாக்கும் வரி, 'அழுத்தினால் செய்ய வேண்டியவை' என்ற பட்டியலின் முதலிலேயே இருந்திருக்க வேண்டும் என்பது நண்பரின் கணிப்பு. அதாவது பொத்தான் பச்சையானதன் பொருள் 'பதிவு முடிந்தது' என்பதல்ல, 'நீங்கள் அழுத்தினீர்கள்' என்பது மட்டுமே. அந்தப் பிள்ளைக்கு அது முன்பே தெரியும். அழுத்தியது அவருடைய விரல்தானே.

இந்தப் பிழைக்கு உலகறிந்த ஒரு முன்னோடி உண்டு. 1979 மார்ச் 28ஆம் திகதி அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் த்ரீ மைல் ஐலண்ட் அணுமின் நிலையத்தில் ஓர் அழுத்த விடுவிப்பு வால்வு மூடாமல் சிக்கிக்கொண்டது. ஆனால் கட்டுப்பாட்டுப் பலகையில் இருந்த விளக்கைப் பார்த்த ஊழியர்கள் வால்வு மூடிவிட்டதாக எண்ணினார்கள். அந்த விளக்கு வால்வின் நிலையைக் காட்டவில்லை. மூடுவதற்கான கட்டளை போய்விட்டது என்பதையே காட்டியது. இரண்டு மணித்தியாலத்துக்கு மேலாகக் குளிர்விக்கும் நீர் வெளியேற, உலையின் உட்கரு ஒரு பகுதி உருகியது. அணு உலையும் எஞ்சின் தவணையும் ஒன்றல்ல. ஆனாலும் கட்டளையைக் காட்டுவதா விளைவைக் காட்டுவதா என்ற கேள்வி இரண்டுக்கும் ஒன்றே.

கருமபீடத்தில் ஒரே ஒருவர்

இதற்கு எதிர்மாறான பிழையும் உண்டு. அழுத்துகிறோம், பொத்தானில் எதுவுமே மாறவில்லை. மறுபடியும் அழுத்துகிறோம். கடைசியில் ஒரே பதிவு இரண்டு தடவை ஏறிவிடுகிறது.

பெரும்பாலான மேசைக் கணினிச் செயலிகளில் திரையை வரைவதும் நம் அழுத்தங்களைக் கேட்பதும் ஒரே வேலைவரிசையின் பொறுப்பு. ஓர் அலுவலகத்தில் ஒரே ஒருவர்தான் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கருமபீடத்தில் நிற்பவரும் அவரே, உள்ளே போய்க் கோவையைத் தேடுபவரும் அவரே. 'பொறுத்திருக்கவும்' என்ற பலகையைத் திருப்பி வைக்கவேண்டும் என்று குறித்துக்கொள்கிறார். ஆனால் அதைத் திருப்புவதற்கு முன்பே கோவையைத் தேடி உள்ளே போய்விடுகிறார். அவர் திரும்பி வரும்வரை பலகை பழையபடியே இருக்கும். பொத்தானின் எழுத்தை மாற்றும் வரி ஓடியும் திரையில் மாற்றம் தெரியாமல் போவது இப்படித்தான். நீண்ட வேலையை இன்னொரு வேலைவரிசைக்குக் கொடுத்துவிட்டு, கருமபீடத்தில் ஒருவரை எப்போதும் நிறுத்திவைப்பதே இதற்கான தீர்வு.

அழுத்தியதற்கு 0.1 விநாடிக்குள் பதில் தெரிந்தால் அது உடனே நடந்ததாக மனிதர் உணர்வர். 1 விநாடி வரை எண்ண ஓட்டம் அறுபடாது. 10 விநாடியைத் தாண்டினால் கவனம் வேறெங்கோ போய்விடும். ரொபர்ட் மில்லர் 1968இல் எழுதியதை அடியொற்றி ஜேக்கப் நீல்சன் 1993இல் பரவலாக்கிய அளவுகள் இவை. ஆகவே பொத்தான் உடனே மாறவேண்டும். ஆனால் 'முடிந்தது' என்று மாறக்கூடாது. முதலில் 'நடக்கிறது' என்று மாறி, மறுபடி அழுத்த முடியாதபடி பூட்டிக்கொள்ள வேண்டும். தரவு போய்ச் சேர்ந்த செய்தி வந்த பிறகே 'முடிந்தது' அல்லது 'தவறியது' என்று மாறவேண்டும்.

மிதவைகள் சொல்லும் பாடம்

நிறம் மட்டும் போதுமா என்ற கேள்விக்கு எங்கள் கடலிலேயே பதில் இருக்கிறது. கப்பல்களுக்கு வழிகாட்டும் மிதவைகளுக்கான உலகப் பொது ஒழுங்கு 1980இல் இணக்கம் காணப்பட்டது. இலங்கை அதில் 'ஏ' பிராந்தியத்தைச் சேர்ந்தது. கடலிலிருந்து துறைமுகத்துக்குள் வரும்போது இடப்பக்கம் சிவப்பு, வலப்பக்கம் பச்சை. அமெரிக்கக் கண்டமும் ஜப்பானும் அடங்கிய 'பி' பிராந்தியத்தில் இந்த நிறங்கள் தலைகீழ். ஆனால் இரண்டு பிராந்தியங்களிலும் வடிவம் ஒன்றே: இடப்பக்க மிதவைக்கு உருளை வடிவம், வலப்பக்க மிதவைக்குக் கூம்பு வடிவம். தூரத்திலிருந்து, வெயில் எதிரே அடிக்கும்போது, நிறம் பிடிபடாதவனுக்கும் வடிவம் பிடிபடும்.

ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் நூற்றுக்கு 8 பேர் அளவில் சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிவதில் குறைபாடு உள்ளவர்கள். எங்கள் மத்தியிலும் அப்படியானவர்கள் இருக்கிறார்கள். பலருக்குத் தமக்கே அது தெரியாது. தகவலைச் சொல்ல நிறத்தை மட்டும் நம்பக்கூடாது என்பது இணையத்தளங்களுக்கான அணுகல் வழிகாட்டியில் உள்ள விதி. மேசைக் கணினிச் செயலிகளுக்கும் அது பொருந்தும். பச்சையோடு ஒரு சரிக்குறி, சிவப்போடு ஒரு பெருக்கல் குறி, இரண்டோடும் முழுமையாகத் தெரியும் ஒரு சொல் இருக்கவேண்டும். திரையை வாசித்துச் சொல்லும் மென்பொருளை நம்பியிருக்கும் பார்வையற்ற ஊழியருக்கு அந்தச் சொல்தான் எல்லாமே.

தமிழுக்கு இடம் விடுதல்

நண்பர் சொன்ன திருத்தங்கள் எதுவும் செலவானவை அல்ல. பொத்தானின் அகலத்தைப் புள்ளிக் கணக்கில் இறுக்கிவைக்காமல், மூன்று மொழிகளிலும் அந்தப் பொத்தானில் வரக்கூடிய மிக நீளமான சொல்லுக்கு முன்கூட்டியே இடம் ஒதுக்கலாம். எழுத்து மாறும்போது மட்டும் பொத்தானைப் பெருக்கவிடுவது வேறொரு வினையைக் கொண்டுவரும்: பக்கத்துப் பொத்தான் நகர்ந்து சுட்டிக்குக் கீழே வந்துவிடும், 'அச்சிடு' என்று நினைத்து 'அழி' என்பதை அழுத்திவிடுவோம்.

இரண்டாவது, சொல்லைத் தெரிவு செய்வது. 'சேமிக்கப்படவில்லை' என்று நீட்டாமல் 'தவறியது' என்று எழுதலாம். வெற்றிக்கு 'முடிந்தது'. முதல் எழுத்திலேயே இரண்டும் பிரிந்துவிடுகின்றன. அகராதியைப் பார்த்து ஆங்கிலச் சொல்லுக்கு நேராகத் தமிழ்ச் சொல்லை நிரப்புபவரால் இதைச் செய்ய முடியாது. அந்தச் சொல் எந்தப் பொத்தானில், எந்த நிலையில் வரப்போகிறது என்று அவருக்கு யாரும் காட்டுவதில்லை.

மூன்றாவது, எழுத்துரு. பாமினி போன்ற பழைய எழுத்துருக்களை நம்பிய செயலிகள் இன்னும் பல இடங்களில் ஓடுகின்றன. அவற்றில் தமிழ் என்பது ஆங்கில எழுத்துகளுக்கு மேல் போர்த்திய உருவம். பொத்தானின் நிலை மாறும்போது எழுத்துருவும் தவறிப்போனால் தமிழ் மறைந்து பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியல் தெரியும். தமிழ் 1991இல் வெளியான யூனிகோடின் முதற் பதிப்பிலேயே இடம்பெற்றுவிட்டது. புதிதாக எழுதப்படும் செயலிக்குப் பழைய எழுத்துரு தேவையே இல்லை.

1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. 1988இன் 16ஆவது திருத்தம் நிர்வாகத்தில் இரு மொழிகளின் பயன்பாட்டை விரித்து எழுதியது. தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் ஒரே வரிசையில் நிற்கும் திருகோணமலையில், பெயர்ப்பலகையில் தமிழ் சரியாக இருக்கிறதா என்று பார்க்கப் பழகியிருக்கிறோம். இன்று எங்கள் பணமும் பதிவும் விண்ணப்பமும் கடந்துபோவது அந்தப் பலகைக்கு உள்ளே இருக்கும் திரையின் வழியாக. அந்தத் திரையில் தமிழ் இருக்கிறதா என்பதோடு, முழுதாக இருக்கிறதா என்றும் கேட்கவேண்டும்.

சித்தப்பாவின் கணக்கு ஒருவாறு தீர்ந்தது. அந்தப் பிள்ளை ஒவ்வொரு நாளும் வாங்கும் பணத்தை ஒரு கொப்பியிலும் எழுதி வைத்திருந்தார். அன்றைய பக்கத்தில் சித்தப்பாவின் பெயர் இருந்தது. அன்று மாலை பெட்டியில் கணக்குக்கு மேலாக ஒரு தவணைத் தொகை இருந்ததும் அதிலேயே குறிக்கப்பட்டிருந்தது. கடைக்காரர் தாமதக் கட்டணத்தை நீக்கினார். கொப்பி இல்லாதிருந்தால் அந்தத் தொகை அவருடைய சம்பளத்திலிருந்தோ சித்தப்பாவின் பையிலிருந்தோ போயிருக்கும்.

செயலி இன்னும் திருத்தப்படவில்லை. இப்போது பணம் கட்டியதும் சித்தப்பா அந்த இடத்தை விட்டு அசைவதில்லை. "பிள்ளை, என்ரை பக்கத்தை மூடிப்போட்டு இன்னொருக்காத் திறந்து காட்டு" என்கிறார். அந்தப் பிள்ளையும் முகம் சுளிக்காமல் திறந்து காட்டுகிறார். பதிவு இலக்கம் ஒன்று தெரிந்தால் அதை எழுதிக்கொண்டு வருகிறார். கருமபீடத்துக்கு முன்னால் நிற்கும் எவரும் இப்படிக் கேட்கலாம். மூடித் திறந்த பிறகும் உள்ளே இருந்தால்தான் அது பதிவு. பொத்தானின் பச்சையை நம்பிவிட்டு வரவேண்டியதில்லை.