ஒரே சதவீதம், எதிரெதிர்த் தீர்ப்பு

கலிஃபோர்னியாவில் 1986-இல் ஆங்கிலத்தை மாநில ஆட்சிமொழியாக்கும் 63-ஆம் முன்மொழிவை 73 சதவீத வாக்காளர்கள் ஆதரித்தார்கள். 2016-இல் இருமொழிக் கல்விக்கு இருந்த கட்டுப்பாடுகளை நீக்கும் 58-ஆம் முன்மொழிவையும் ஏறக்குறைய அதே 73 சதவீதத்தினர் ஆதரித்தார்கள்.

இடைப்பட்ட முப்பதாண்டில் பள்ளிகள் நிறையப் பார்த்துவிட்டன. ஆவணமற்ற குடியேறிகளின் பிள்ளைகளுக்குப் பள்ளிக் கதவை மூட முனைந்தது 1994-இன் 187-ஆம் முன்மொழிவு. நீதிமன்றம் அதைத் தடுத்தது. 1998-இல் மென்பொருள் தொழிலதிபர் ரான் உன்ஸ் கொண்டுவந்த 227-ஆம் முன்மொழிவு 61 சதவீத வாக்குகளுடன் வென்றது. ஆங்கிலம் தெரியாத பிள்ளைக்கு ஓராண்டு ஆங்கிலப் பயிற்சி, பிறகு பொது வகுப்பு என்றது அது. அதுவரை ஆங்கிலம் கற்கும் மாணவர்களில் சுமார் 30 சதவீதத்தினர் தாய்மொழியிலும் படித்தார்கள். சில ஆண்டுகளில் அந்த அளவு பத்து சதவீதத்துக்கும் கீழே போனது.

இருமொழிக் கல்வியை எதிர்த்தவர்கள் எல்லோரையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. பிள்ளைக்கு ஆங்கிலம் வரவில்லையே என்று 1996-இல் லாஸ் ஏஞ்சலஸில் வகுப்பைப் புறக்கணித்தவர்கள் ஸ்பானிஷ் பேசும் பெற்றோர்களே. ஆயினும் லியோனி ஹடி, டேவிட் சியர்ஸ் ஆகியோரின் ஆய்வு, லத்தீன் அமெரிக்க வம்சாவளியினர் மீதான மனக்கசப்பு இந்த எதிர்ப்புக்கு வலுவான காரணம் என்று காட்டியது. பாடத்திட்டத்தைப் பற்றிய வாதத்துக்குள் மனிதர்களைப் பற்றிய தீர்ப்பும் கலந்திருந்தது.

அன்று ஸ்பானிஷ், ஏழை வீட்டுப் பிள்ளையிடம் திருத்த வேண்டிய குறை. இன்று அதே மொழி உயர்நிலைப் பள்ளிச் சான்றிதழில் முத்திரையாகப் பதியும் தகுதி. அதற்கான சட்டம் 2011-இல் வந்தது. 2030-க்குள் 1,600 இருமொழித் திட்டங்கள் என்பது மாநிலத்தின் இலக்கு. ஆங்கிலம் மட்டுமே பேசும் வீடுகளும் இப்போது இந்த வகுப்புகளில் இடம் கேட்கின்றன. ஸ்பானிஷ் மாறவில்லை, அதைக் கேட்டு வருபவர்கள் மாறியிருக்கிறார்கள். அதற்குக் கிடைத்த மரியாதை உண்மையானதுதான். அதில் எவ்வளவு, அந்த மொழியோடு பிறந்தவர்களுக்கும் சேரும் என்பதே கேள்வி.

இருமொழி வகுப்புகளில் இடம் கூடியது, ஆசிரியர்கள் போதவில்லை. 1998-இல் முதல் வகுப்பில் இருந்த பிள்ளைக்கு 2016-இல் வயது 24. இரு மொழியிலும் எழுதப் படிக்கத் தெரிந்த இளம் ஆசிரியராக வேலையில் சேர்ந்திருக்கும் வயது அது. இன்று தேடப்படும் அந்தப் படிப்பை, அவர்களில் பெரும்பாலோருக்கு அன்று மாநிலமே மறுத்துவிட்டது.