மாநாட்டுப் பேச்சும் வாக்காளர் ஐயமும்

ஆயிரக்கணக்கானோர் கூடிய ஒரு பெரிய மண்டபம். மேலிருந்து பல வண்ணப் பலூன்கள் உதிர்கின்றன, வாத்தியங்கள் முழங்குகின்றன. மேடையில் நிற்கும் தலைவர் ஒரு வாக்கியத்தை முடிப்பதற்குள் கரவொலி அவர் குரலை விழுங்கிவிடுகிறது. அமெரிக்க ஐக்கிய நாட்டில் நான்கு ஆண்டுகளுக்கு ஒரு முறை, ஜனாதிபதித் தேர்தலுக்குமுன் பெருங் கட்சிகள் நடத்தும் தேசிய மாநாட்டின் இறுதி இரவுக் காட்சி இது. அதே இரவில் ஒஹையோ மாநிலத்துச் சிற்றூர் ஒன்றில், ஆலைத் தொழிலாளி ஒருவர் தம் வீட்டில் அமர்ந்து அப்பேச்சைக் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் கை தட்டவில்லை. "நன்றாகத்தான் பேசுகிறார், ஆனால் சொன்னபடி செய்வாரா?" என்று மனைவியைக் கேட்கிறார். மண்டபத்துக் கரவொலியைவிட இந்த ஒரு கேள்வியே மக்களாட்சிக்கு இன்றியமையாதது. அக்கேள்வி எத்தகையதாய் இருத்தல் வேண்டும் என்பதைச் சற்று ஆராய்வோம்.

இம்மாநாடுகள் சொற்பொழிவுக்கென ஏற்பட்டவை அல்ல. வேட்பாளரைத் தேர்ந்தெடுப்பதற்கென ஏற்பட்டவை. 1831-ஆம் ஆண்டில் ஃப்ரீமேசன் எதிர்ப்புக் கட்சி என்னும் சிறு கட்சியொன்று பால்டிமோர் நகரில் முதல் தேசிய மாநாட்டைக் கூட்டிற்று. அடுத்த ஆண்டில் டெமாக்ரடிக் கட்சியும் அந்நகரிலேயே கூடிற்று. மாநிலங்கள்தோறும் இருந்து வந்த பிரதிநிதிகள் வாதாடினர், பேரம் பேசினர், இறுதியில் வாக்களித்து ஒருவரைத் தேர்ந்தனர். உள்ளே நடந்ததை வெளியே உள்ள மக்கள் செய்தித்தாள் வாயிலாகவே அறிந்தனர்.

1924-ஆம் ஆண்டில் வானொலி இந்நிலையை மாற்றிற்று. அவ்வாண்டு நியூயார்க் நகரில் கூடிய டெமாக்ரடிக் கட்சி மாநாடு, 103 முறை வாக்கெடுத்த பின்னரே ஜான் டேவிஸ் என்பவரை வேட்பாளராக்கிற்று. அகர வரிசையில் முதலில் அழைக்கப்பட்ட அலபாமா மாநிலத்தார், தம் 24 வாக்குகளும் அண்டர்வுட்டுக்கே என்று மீண்டும் மீண்டும் முழங்கினர். வீட்டிலிருந்து கேட்டவர்களோ அம்முழக்கத்தையே தம்முள் வேடிக்கையாகச் சொல்லிச் சிரித்தனர். மண்டபத்தில் வீரமுழக்கமாக ஒலித்தது வீட்டுக் கூடத்தில் நகைப்புக்கு உரியதாயிற்று. மேடைக்கும் மக்களுக்கும் இடையே உள்ள தொலைவு இவ்வாறு முதன்முறையாகச் செவிக்குப் புலனாயிற்று.

அதுவரை வேட்பாளராகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர் மாநாட்டுக்கு வருவதில்லை. தம் ஊரிலேயே இருந்து, பிறகு முறைப்படி அறிவிப்பைப் பெறுவதே மரபு. 1932-இல் ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட் விமானமேறிச் சிகாகோவுக்குச் சென்று, மாநாட்டிலேயே வேட்பாளர் பொறுப்பை ஏற்றுப் பேசினார். ஏற்புரை மாநாட்டின் சிகரமானது அதன் பின்னரே. முதல் வாக்கெடுப்பிலேயே முடிவு காண இயலாமற்போன இறுதி மாநாடு 1952-இல் டெமாக்ரடிக் கட்சி நடத்தியதாகும். 1972 முதல், மாநிலங்களில் முன்கூட்டியே நடைபெறும் கட்சித் தேர்தல்களே வேட்பாளரைப் பெரும்பாலும் தீர்மானித்துவிடுகின்றன. ஆகவே இன்றைய மாநாட்டுப் பேச்சு இரு திறத்தாரை நோக்கியது. மண்டபத்தில் இருப்போர் முன்னரே நம்பிக்கை கொண்டவர்கள். அவர்களுக்கு வேண்டுவது எழுச்சி. வீட்டில் இருப்போருள் பலர் ஐயம் கொண்டவர்கள். அவர்களுக்கு வேண்டுவது விளக்கம். ஒரே பேச்சு இரண்டையும் அளிப்பது அரிது.

பேச்சுக்கள் வாக்காளரின் மனத்தை உண்மையிலேயே மாற்றுகின்றனவா? 1940-ஆம் ஆண்டுத் தேர்தலின்போது பால் லாசர்ஸ்ஃபெல்ட் என்னும் சமூகவியல் அறிஞரும் அவர்தம் துணைவரும் ஒஹையோ மாநிலத்து ஈரி மாவட்டத்தில் இதனை ஆராய்ந்தனர். 600 வாக்காளர்களை மே மாதம் முதல் நவம்பர் வரை மீண்டும் மீண்டும் சந்தித்து வினவினர். ஒரு கட்சியிலிருந்து மறு கட்சிக்கு முற்றிலும் மனம் மாறியவர்கள் நூற்றுக்குச் சுமார் 8 பேரே. பெரும்பாலோருக்குப் பிரசாரம் முன்பே கொண்டிருந்த எண்ணத்தை வலுப்படுத்தியது, அவ்வளவே. மனம் மாறியவர்களுள் பலர் மேடைப் பேச்சைவிட, நண்பர்களோடும் உறவினரோடும் உரையாடியதாலேயே மாறினர்.

அவ்வாராய்ச்சி மற்றோர் உண்மையையும் காட்டிற்று. எந்தப் பக்கமும் சாராதவர், எல்லாப் பேச்சையும் கேட்டுச் சீர்தூக்கிப் பார்ப்பவர் என்றே நாம் கருதுவோம். ஆனால் நெடுநாள் முடிவு செய்யாமல் இருந்தவர்கள் பெரும்பாலும் பிரசாரத்தை மிகக் குறைவாகவே கவனித்தவர்கள் என்பது தெரிய வந்தது. இங்கேதான் நாம் விழிப்புடன் இருத்தல் வேண்டும். ஐயம் இரு வகைப்படும். கேட்டபின் எழும் ஐயம் ஒன்று. கேளாமல் இருப்பதற்குச் சாக்காகும் ஐயம் மற்றொன்று. "கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய்" என்பது நம் பழமொழி. பலர் அதன் முதல் இரண்டு பகுதிகளோடு நின்றுவிடுகின்றனர். "எல்லாருமே பொய்யர்" என்று கூறிவிட்டு, விசாரிக்கும் உழைப்பிலிருந்து தப்பித்துக்கொள்கின்றனர். அஃது ஐயம் அன்று, சோம்பல்.

இவ்வேறுபாட்டை விளக்க மூன்று தேர்தல்களைத் தொடர்ந்து காண்போம். 1984-இல் டெமாக்ரடிக் வேட்பாளர் வால்டர் மாண்டேல், சான்பிரான்சிஸ்கோ மாநாட்டில் ஒரு கசப்பான செய்தியைச் சொன்னார். அரசின் பற்றாக்குறையைக் குறைக்க, எவர் வென்றாலும் வரியை உயர்த்தியே தீர்வார். எதிர்த்து நிற்கும் ரீகன் அதனைச் சொல்ல மாட்டார், தாம் சொல்லிவிட்டதாக அவர் கூறினார். அத்தேர்தலில் 50 மாநிலங்களுள் 49 மாநிலங்களில் மாண்டேல் தோற்றார். அன்று நாட்டின் பொருளாதாரம் வளர்ந்துவந்தது. ரீகனுக்குச் செல்வாக்கும் மிகுதி. ஆகவே தோல்விக்கு அந்த ஒரு வாக்கியமே காரணம் எனல் பொருந்தாது. ஆயினும் அரசியல்வாதிகள் அதிலிருந்து கற்றுக்கொண்ட பாடம், கசப்பைச் சொல்லாதே என்பதுதான்.

1988-இல் நியூ ஆர்லியன்ஸ் நகரில் கூடிய ரிபப்ளிகன் கட்சி மாநாட்டில், அன்று துணை ஜனாதிபதியாக இருந்த மூத்த ஜார்ஜ் புஷ் பேசினார். தம் உதடுகளைக் கவனிக்குமாறு கூறி, புதிய வரிகள் கிடையா என்று உறுதியளித்தார். மண்டபம் அதிர்ந்தது. நவம்பரில் அவர் 40 மாநிலங்களில் வென்றார். ஆனால் 1990-ஆம் நிதியாண்டில் அரசின் பற்றாக்குறை 22,000 கோடி டாலரைத் தாண்டிற்று. காங்கிரசின் இரு அவைகளிலும் எதிர்க்கட்சிக்கே பெரும்பான்மை. அவ்வாண்டு புஷ் அவர்களோடு உடன்பாடு செய்துகொண்டார். வருமான வரியின் உச்ச விகிதம் 28 சதவீதத்திலிருந்து 31 சதவீதமாயிற்று. 1992-இல் அவர் மீண்டும் நின்றபோது எதிரணியினர் அந்தப் பழைய வாக்கியத்தையே திரும்பத் திரும்ப நினைவூட்டினர். நூற்றுக்கு 37 வாக்குகளே பெற்று அவர் தோற்றார்.

அவர் வாக்கை மீறியதுதான் குற்றமா? பற்றாக்குறையைக் குறைக்க அவ்வுடன்பாடு உதவியது என்று கருதும் பொருளியல் அறிஞர் பலர் உள்ளனர். அவ்வாறாயின், பிழை 1990-இல் வரி விதித்ததில் இல்லை. 1988-இல் அவ்வாறு வாக்களித்ததிலும், அதனை வினவாமல் ஏற்றுக்கொண்டதிலுமே இருந்தது. வாக்காளர் 1992-இல் கொண்ட சினத்தை 1988-இலேயே கேள்வியாக எழுப்பியிருக்கலாம். உண்மை சொன்னவரைத் தோற்கடித்து, இனிப்பாகச் சொன்னவரை வெற்றிபெறச் செய்து, பிறகு அவரையும் ஏமாற்றுக்காரர் என்று தள்ளுவோமாயின், அடுத்து வருபவர் எவ்வாறு உண்மை பேசுவார்?

கேட்கத்தக்க கேள்விகள் யாவை? முதலாவது, சொல்லப்பட்டது அளந்து பார்க்கக் கூடியதா? "நாட்டை உயர்த்துவேன்" என்பதை அளக்க இயலாது. "புதிய வரி கிடையாது" என்பதை அளக்கலாம். இச்சோதனையில் புஷ்ஷின் வாக்கியம் தேறிவிடுகிறது. இரண்டாவது, அதனைச் செய்யும் அதிகாரம் பேசுபவர் கையில் உள்ளதா? அமெரிக்காவில் வரிச் சட்டம் காங்கிரசில்தான் பிறக்கிறது. ஜனாதிபதி தனித்து விதிக்கவும் இயலாது, தனித்துத் தடுத்துக்கொண்டே இருப்பதும் எளிதன்று. மூன்றாவது, அதற்கு உரிய விலை என்ன, அதனைக் கொடுப்பவர் யார்? வரி இல்லையெனில் செலவைக் குறைக்க வேண்டும். இல்லையேல் கடன் வாங்க வேண்டும். எதனை என்று பேசுபவர் சொன்னாரா? இப்பின்னிரண்டு சோதனைகளில் அவ்வாக்கியம் தடுமாறுகிறது.

இவற்றிற்கெல்லாம் மேலாக ஒரு நிபந்தனை உண்டு. நமக்குப் பிடிக்காத கட்சியின் பேச்சை ஐயுறுதல் எவர்க்கும் எளிது. நாம் விரும்பும் தலைவர் பேசும்போது, நம் கைகள் தட்ட விழையும் அக்கணத்தில், அதே மூன்று கேள்விகளைக் கேட்பவரே நேர்மையான ஐயமுடையவர்.

மாணவர்களே! உங்களுள் சிலருக்கு வாக்குரிமை வந்திருக்கும்; ஏனையோர்க்கு விரைவில் வரும். நன்றாகப் பேசப்பெற்ற பேச்சைச் சுவைத்துக் கேளுங்கள், அதில் தவறில்லை. பேச்சு முடிந்தபின் அதில் அளிக்கப்பட்ட வாக்குறுதிகளை ஒரு தாளில் எழுதி, மூன்று கேள்விகளையும் அருகில் குறித்து வையுங்கள். அடுத்த தேர்தல் வரும்போது அந்தத் தாளை எடுத்துப் பாருங்கள். மேடையில் இருப்பவருக்கு மறதி இருக்கலாம். கேட்டவருக்கு இருத்தல் ஆகாது. ஒஹையோவின் சிற்றூரில் நாம் கற்பனை செய்த தொழிலாளி "செய்வாரா?" என்று கேட்டதோடு நில்லாமல், மறுநாள் "எப்படிச் செய்வார்?" என்றும் தம் நண்பரோடு பேசத் தொடங்குவாராயின், தீர விசாரித்தல் என்பது அங்கே தொடங்கிவிட்டது எனலாம்.