ஸ்டீபன் கிங்கை வாசிக்கலாமா?

பயங்கர நாவல்களை எழுதி உலகெங்கும் கோடிக்கணக்கில் விற்ற ஒருவர் இலக்கிய கர்த்தாவாகக் கருதப்படத் தக்கவரா என்னும் சர்ச்சை, 2003-ஆம் ஆண்டில் அமெரிக்கத் தேசியப் புத்தக நிறுவனம் ஸ்டீபன் கிங்குக்குச் சிறப்புப் பதக்கம் வழங்கியபோது, விமரிசகர் ஹாரல்ட் புளூமின் கடுங்கண்டனத்தால் உக்கிரமடைந்தது. 'இட்' முதலிய நாவல்களில் விஸ்தாரம் மிதமிஞ்சிப் போய்விடுகிறது என்பது மெய்யே.

ஆயினும், 1977-இல் வெளிவந்த 'தி ஷைனிங்' நாவலில், குடிப்பழக்கத்தோடு போராடி, மாணவன் ஒருவனைத் தாக்கியதால் ஆசிரியர் வேலையை இழந்து, கொலராடோ மலையில் பனிக்காலத்தில் மூடிக்கிடக்கும் ஹோட்டலுக்குக் காவலனாக மனைவியோடும் ஐந்து வயது மகனோடும் வந்து சேரும் ஒருவன், தான் உயிரினும் மேலாக நேசிக்கும் அக்குழந்தைக்கே யமனாக மாறும் பரிணாமத்தைப் படிப்படியாகக் காணும்போது, நம்மை நடுங்கவைப்பது அங்கு உலவும் பிசாசுகளல்ல, ஒரு தகப்பனின் வீழ்ச்சியே என்பது விளங்கும். குடியின் கொடுமையைக் கிங் சுயானுபவத்தால் அறிந்தவர். அந்த வேதனையின் சத்தியம் பக்கந்தோறும் தொனிக்கிறது. மனித சுபாவத்தை இவ்வளவு நெருங்கி நோக்கும் எழுத்தை, விற்பனையைக் காரணங்காட்டி விலக்குவது நியாயமன்று.

பேய்க்கதை வேண்டாதவர்கள், 1982-ஆம் ஆண்டுத் தொகுதியிலுள்ள ஷாஷாங்க் சிறைச்சாலைக் குறுநாவலை முதலில் வாசிக்கலாம். அதில் பேயே இல்லை.