ஒரு பெயர் எத்துணை அரிது?

ஈழத்துத் தமிழறிஞர் வரலாற்றிலே கணபதிப்பிள்ளை என்னும் பெயர் தாங்கிய பெரியார் இருவர் ஒரே காலத்தில் வாழ்ந்தனர். ஒருவர் பண்டிதமணி சி. கணபதிப்பிள்ளை (1899–1986), மற்றவர் பேராசிரியர் க. கணபதிப்பிள்ளை (1903–1968). முன்னவர் ‘இலக்கிய வழி’ தந்தவர்; பின்னவர் ‘நானாடகம்’ தந்தவர். முதலெழுத்து ஒன்றே இருவரையும் வேறுபடுத்தி நிற்கின்றது. அவ்வெழுத்தை விட்டு எழுதுவோன் ஒருவர் நூலை மற்றவர்மேல் ஏற்றிவிடுதல் எளிது.

நூலிலே நேரும் மயக்கத்தைத் திருத்திக்கொள்ளலாம். ஆளிலே நேரும் மயக்கமோ துயர் விளைப்பது. 2004ஆம் ஆண்டு மார்கழி 26ஆம் நாள் ஆழிப்பேரலை கல்லடியையும் நாவலடியையும் அழித்தபின், உறவினரைத் தேடினோர் முகாம்களிலும் வைத்தியசாலைகளிலும் பெயர் சொல்லிக் கேட்டு அலைந்தனர். போர்க்காலத்திற் காணாமற்போனோரைத் தேடுவார்க்கும் பெயரே முதற் பற்றுக்கோடு. பட்டியலிற் காணும் பெயர் நம்மவர் பெயரேயாயினும், அவர் நம்மவர்தாமா? இவ்வினாவுக்கு விடை காண, ஒரு பெயர் எத்துணை அரிது என்பதைக் கணிக்க அறிதல் வேண்டும்.

மேனாட்டார் பெயர் இயற்பெயரும் குடும்பப்பெயரும் கூடியது. நமக்கோ தலைமுறைதோறும் தொடரும் குடும்பப்பெயர் இல்லை. தந்தையார் பெயரே முன்னிற்கும். காரைதீவிலே 1892ஆம் ஆண்டு சாமித்தம்பியார்க்கு மகனாய்ப் பிறந்த மயில்வாகனனே பின்னர் விபுலானந்த அடிகளாயினார். சாமித்தம்பி மயில்வாகனன் என்னுந் தொடரிலே முற்பகுதி தந்தையையும் பிற்பகுதி மகனையும் சுட்டும். எனவே நாம் எண்ணவேண்டுவன இரண்டு: அத்தந்தை பெயர் எத்தனை பேருக்கு முன்னிற்கின்றது? அவ்வியற்பெயர் எத்தனை பேருக்கு உண்டு?

விளங்குதற்பொருட்டு ஒரு கணக்கைப் பாவனையாகக் கொள்வோம். ஓரிலட்சம் ஆடவர் வாழும் நாட்டிலே, கந்தசாமி என்பாரைத் தந்தையாக உடையோர் நூற்றுக்கு ஒருவர்; வேலாயுதம் என்னும் பெயருடையோர் இருநூற்றுக்கு ஒருவர். இரண்டையும் பெருக்கின், கந்தசாமி வேலாயுதம் என்னும் பெயர் இருபதினாயிரத்துக்கு ஒன்றாகும். ஓரிலட்சத்திலே ஐவர் இருப்பர். அப்பெயரையே ‘க. வேலாயுதம்’ எனச் சுருக்கி எழுதின், கணபதிப்பிள்ளை, கந்தப்போடி, கதிர்காமத்தம்பி முதலாய தந்தையர் அனைவரும் அக் ககரத்துள் அடங்குவர். அவ்வாறு எட்டுக்கு ஒருவர் எனக் கொண்டால், ஐவர் அறுபதின்மருக்கு மேற்பட்டோராய்ப் பெருகிவிடுவர். பெயரை முழுதும் எழுதவேண்டும் என்று ஆசிரியர் வற்புறுத்துதற்குக் காரணம் இதுவே.

ஆயின் இப்பெருக்கல் ஒரு நிபந்தனைக்கு உட்பட்டது. இரண்டு பகுதிகளும் ஒன்றையொன்று சாராது நிற்றல் வேண்டும். நம் நாட்டிலே அவை அவ்வாறு நிற்பதில்லை. மண்டூர் முருகனை வழிபடும் இல்லத்திலே தந்தை கந்தசாமியானால் மகன் வேலாயுதமாதல் இயல்பு. பாட்டன் பெயர் பேரனுக்கு வருதலும் நம் வழக்கம். ஆதலின் கந்தசாமியின் மக்களுள் வேலாயுதம் என்பார் இருநூற்றுக்கு ஒருவராக அன்றி, நாற்பதுக்கு ஒருவராகவும் இருக்கலாம். அப்பொழுது ஓரிலட்சத்திலே ஐவர் அல்லர், இருபத்தைவர் இருப்பர். எனவே இயற்பெயரை ஊர் முழுவதிலும் எண்ணாது, அத்தந்தை பெயர் உடையோருள் மட்டும் எண்ணுவதே நெறி. காலமும் நோக்கத்தக்கது. கணபதிப்பிள்ளை என்னும் பெயர் முதியோரிடையே மலிந்தது. இன்றைய சிறாரிடையே அருகியது. தேடப்படுவோர் வயதினரையே எண்ணுதல் வேண்டும்.

சாராமையை ஆராயாது பெருக்குதலால் வருங் கேட்டிற்குப் பெயரன்றி அடையாளம் பற்றிய வழக்கொன்று சான்றாகும். அமெரிக்க நாட்டு லொஸ் ஏஞ்சல்ஸ் நகரிலே 1964ஆம் ஆண்டு நிகழ்ந்த கொள்ளையொன்றில் கொலின்ஸ் என்னும் கணவனும் மனைவியும் குற்றஞ் சாட்டப்பட்டனர். மஞ்சள் வண்டி, மீசை, தாடி, பொன்னிறக் கூந்தல் முதலாய அடையாளங்களுக்கு ஒவ்வோர் எண் வைத்துப் பெருக்கி, இத்தகைய இணை ஒரு கோடியே இருபது இலட்சத்துக்கு ஒன்றே என வாதிட்டனர் அரச தரப்பினர். கணவன் குற்றவாளி எனத் தீர்த்ததை 1968ஆம் ஆண்டு கலிபோர்ணிய உயர்நீதிமன்றம் தள்ளிற்று. அவ்வெண்களுக்கு ஆதாரமில்லை, தாடியுடையார்க்கு மீசையும் இருத்தல் பெரும்பான்மை, அவ்வெண்ணே மெய்யென்றாலும், அத்தகைய இன்னோர் இணை அப்பகுதியில் இருத்தற்கு நூற்றுக்கு நாற்பதுக்கு மேல் வாய்ப்புண்டு என்று அம்மன்று காட்டிற்று. அரிது என்பது வேறு. ஒன்றே உள்ளது என்பது வேறு.

இன்னுமொரு நுட்பம் உண்டு. ஆயிரம் பேர் கொண்ட ஓர் இடாப்பிலே, குறித்த ஒரு பெயருக்கு ஒப்பு உண்டா என்பது ஒரு வினா. எவரேனும் இருவர்க்குள் பெயரொப்பு உண்டா என்பது மற்றொரு வினா. ஆயிரவரை இருவர் இருவராய்ச் சேர்த்தால் 4,99,500 இணைகள் உண்டாம். எல்லாப் பெயரும் இருபதினாயிரத்துக்கு ஒன்றாய் அரியனவேயாயினும், ஏறக்குறைய இருபத்தைந்து இணைகள் ஒத்திருக்கும். ஆதலின் பரீட்சைக்குச் சுட்டெண்ணும், 1972 தொடக்கம் வழங்கும் தேசிய அடையாள அட்டைக்குத் தனி இலக்கமும் வேண்டப்பட்டன.

இம்மயக்கத்தை நம் முன்னோரும் அறிவர். சங்கப் புலவருள் சாத்தனார் பலர். அவருள் ஒருவரை மதுரைக் கூலவாணிகன் சீத்தலைச் சாத்தனார் என ஊரும் தொழிலும் கூட்டி வழங்கினர். நக்கீரனாரை மதுரைக் கணக்காயனார் மகனார் என்றனர். ஒவ்வோர் அடையும் ஐயத்தைக் குறைக்கின்றது.

எவ்வடை மிகப் பயன்படும்? தந்தை பெயரோடு சாராது வரும் அடையே மிகப் பயன்படும். மட்டக்களப்பிலே குடி தாய்வழி வருவது. தந்தை பெயர் அதனைக் காட்டாது. ஆதலால் தாயார் பெயரும் தாய்வழியும் வினாவுதல் புதிய செய்தியைத் தரும். அவற்றோடு ஊரும் பிறந்த ஆண்டும் கூடின் ஐயம் பெரிதும் நீங்கும்.

மாணவர்காள், இடாப்பு எழுதும்போதும் விண்ணப்பம் நிரப்பும்போதும் முழுப்பெயர் எழுதுங்கள். பழைய மாணவராகிய அன்பர்காள், பட்டியலொன்றிலே அறிந்த பெயரைக் காணின், பெயரொப்பு ஒன்றனையே நம்பி ஒரு வீட்டுக்கு நற்செய்தியோ துயர்ச்செய்தியோ கொண்டு செல்லாதீர்கள். தாயார் யார், ஊர் எது, வயது என்ன என்னும் மூன்றையும் கேட்டறிந்தபின் செல்லுங்கள்.