சில்லுப் பலகைக்கு ஒரு திடல்

நான்கு சிறு சில்லுகள் பூட்டிய பலகையொன்றில் நின்றவாறே சாய்விலும் மேட்டிலும் சறுக்கிச் செல்லும் விளையாட்டை நம்மவருட் பலர் தொலைக்காட்சியிலேயே கண்டிருப்பர். ‘ஸ்கேட்போர்ட்’ என வழங்கும் இவ்விளையாட்டு 2021-ஆம் ஆண்டு தோக்கியோவில் நடந்த ஒலிம்பிக் விழாவில் முதன்முதலாக இடம்பெற்றது. அங்கே மகளிர் பிரிவொன்றில் தங்கப் பதக்கம் வென்றவள் 13 வயது யப்பானியச் சிறுமி!

இத்தகைய விளையாட்டுக்குரிய பொதுத்திடல் ஒன்று நமது மட்டக்களப்பு வாவிக்கரையில் அமைவதாயின் அதற்கு வேண்டுவன யாவை? பணமே முதலில் வேண்டும் என்பர் பலர். நாம் அவ்வாறு கருதவில்லை.

மத்தியப் பிரதேசத்தில், பன்னா மாவட்டத்திலே ஜன்வார் என்றொரு சிற்றூர். பழங்குடியினரும் யாதவரும் வாழும் அவ்வூரில் 2015-இல் உல்ரிக்கே ரைன்ஹார்ட் என்னும் ஜெர்மானியப் பெண்மணியார் ஒரு ஸ்கேட் திடலை எழுப்புவித்தார். கலைஞர்கள் ஓவியந் தீட்டிய பலகைகளை ஏலமிட்டும் பொருள் திரட்டினர். ஆயின் அத்திடலின் பெருமை சீமெந்தில் இல்லை. பள்ளிக்குப் போகாதவருக்குப் பலகை இல்லை, பெண்பிள்ளைகளுக்கே முதலிடம் என்னும் இரண்டு விதிகளில் இருக்கிறது. பலகையுடன் நிற்கும் பையன், பின்னால் வந்த சிறுமி கேட்டால் அதைக் கொடுத்துவிட்டு ஒதுங்கவேண்டும். இராசத்தானில், உதயப்பூருக்கு அண்மையிலுள்ள கேம்பூரில் நடந்ததோ வேறு. 2021-இல் வெளியான ‘ஸ்கேட்டர் கேர்ள்’ என்னும் திரைப்படத்துக்காகக் கட்டிய திடலை, படப்பிடிப்பு முடிந்தபின் இடித்துவிடாமல் ஊர்ப்பிள்ளைகளுக்கே விட்டுச் சென்றனர்.

அந்நிய விளையாட்டு நம் மண்ணில் வேரூன்றுமோ என ஐயுறுவோர் புனித மிக்கேல் கல்லூரியின் கூடைப்பந்தாட்டத்தை நினைத்துப் பார்க்கலாம். அமெரிக்க இயேசுசபைத் துறவியர் வளர்த்த ஆட்டம் அது. இன்று அதை அந்நியமென்பார் யார்? அத்துறவியருள் ஒருவரான வெபர் அடிகளாரின் பெயரையே நகரத்தின் விளையாட்டரங்கு தாங்கி நிற்கிறது. (வேறு கல்லூரியிற் கற்பிக்கும் நாம் இதை எழுதுவதற்கு எம் மாணவர் முறைக்கக்கூடும், உண்மையை மறைப்பது எங்ஙனம்?)

நிற்க. இடத்தைப் பற்றிச் சிந்திப்போம். மேலைநாட்டுப் படங்களிற் காணும் ஆழ்ந்த கிண்ணம் போன்ற பள்ளம் நமக்கு உதவாது. நம் நிலம் மணல். சிறிது தோண்டினாலே நீர் ஊறும். கார்த்திகை மார்கழி மழையில் அக்கிண்ணம் கேணியாகிவிடும். பின்னர் நுளம்புகளுக்கு வாசஸ்தலம். ஆதலின் நிலமட்டத்துக்கு மேலே எழும் தாழ்ந்த சாய்வுகளும் படிகளும் மேடைகளுமே தக்கவை. உப்புக்காற்றில் இரும்பு விரைவிலே துருவேறும்; விளிம்புக் குழாய்களுக்குத் துத்தநாகப் பூச்சு வேண்டும். கொங்கிறீற்றின் முகத்தை ஒப்புரவாக்கத் தேர்ந்த கை வேண்டும். சிறு குழியொன்றும் சில்லைத் தடுத்துப் பிள்ளையை வீழ்த்திவிடும்.

கடலோரமாயின் உயர்நீர்க் கோட்டிலிருந்து 300 மீற்றருக்குள் கட்டுவதற்குக் கரையோரம் பேணல் திணைக்களத்தின் அனுமதியும் பெறவேண்டும். காணி மாநகர சபையினதா, பிரதேச சபையினதா, அரசினதா என்பதை எழுத்திற் பெறாது கல் நாட்டுவது வீண்.

பணத்தைப் பற்றி நாம் பெரிதும் கவலைகொள்ளாமைக்குக் காரணம் உண்டு. கோயில் திருப்பணிக்கும் கல்லூரி மதிலுக்கும் இலண்டனிலிருந்தும் தொறன்ரோவிலிருந்தும் வந்து சேரும் பொருளை யாவரும் அறிவர். கல்லிற் பெயர் பொறிக்க இடமிருந்தால் கட்டுவதற்குக் கொடுப்போர் வருவர். பத்தாம் ஆண்டில் வெடித்த கொங்கிறீற்றை ஒட்டுவதற்குக் கொடுப்போரே அரியர். எனவே திரட்டும் பொருளில் ஐந்திலொரு பங்கை வங்கியில் நிலையான வைப்பிலிட்டு, அதன் வட்டியிற் காவலுக்கும் திருத்தத்துக்கும் வழிசெய்த பின்னரே அடிக்கல் நாட்டவேண்டுமென்பது நமது அபிப்பிராயம்.

இன்னொன்று. நம் ஊர்ப் பெண்பிள்ளைகள் பத்துப் பன்னிரண்டு வயதுவரை தெருவில் ஓடி விளையாடுவர். பின்னர் அவர்களை மைதானத்திற் காண்பது அரிது. திடல் திறந்த முதற்கிழமையே ஆண்பிள்ளைகள் அதை நிரப்பிவிடுவர்; தங்கைமார் வேலிக்கு வெளியே நின்று பார்த்திருப்பர். ஜன்வாரின் விதி இங்கேதான் தேவை. திட்டமிடும் குழுவிலேயே தாய்மார் இருவரும் மாணவியர் இருவரும் இருக்கட்டும். விளக்கு எங்கே, மலசலகூடம் எங்கே, பார்த்திருப்போர் குந்துவதற்கு நிழல் எங்கே என்று அவர்கள் முதற் கூட்டத்திலேயே கேட்பர். மற்றவர்கள் வரையும் வரைபடங்களில் அவை கடைசி மூலையிலேயே கிடக்கும்.