புல்தரைக்கு வந்த வேண்டாத விருந்தாளிகள்

கோவையில் நாங்கள் வீடு கட்டியபோது, "முன்னால் சிமெண்ட் போட்டுவிடலாம், பெருக்கித் தள்ளச் சுலபம்" என்றார் என் கணவர். நான்தான் பிடிவாதமாக அருகம்புல் போடச் சொன்னேன். குழந்தைகள் விழுந்து புரள ஓர் இடம் வேண்டாமா? 20 அடிக்கு 15 அடி, அவ்வளவுதான் எங்கள் புல்தரை. கேட்டு வாங்கிய பாவத்துக்கு, களை பிடுங்கும் வேலை இன்று வரை என் தலையில்!

மாசியில் பனி விலகி வெயில் ஏறியதும் புல் துளிர்க்கத் தொடங்கும். அதோடு களையும் கிளம்பிவிடும். போன வருஷம் பங்குனியில், புல்லைவிடக் களைதான் அதிகம் என்ற நிலைமை. வாரம் ஒரு முறை வரும் தோட்டக்காரர், "ஏனுங்கம்மா, கையில புடுங்கி இது தீருமுங்களா? மருந்து அடிச்சா ஒரே வாரத்துல சருகாயிருமுங்க" என்றார். எனக்கும் இடுப்பு வலி. சரி என்று தலையாட்டிவிட்டேன்.

மறுவாரம் அவர் யாரிடமோ கொஞ்சம் வாங்கி வந்தார். எதில் தெரியுமா? காலிக் குளிர்பான பாட்டிலில்! திண்ணையில் வைத்துவிட்டுக் கைகால் கழுவப் போயிருக்கிறார். அன்றைக்கென்று என் தங்கை இரண்டு வயசுப் பையனோடு வந்திருந்தாள். நான் காபி டம்ளரோடு வெளியே வருகிறேன், பாட்டிலை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டு மூடியைக் கடித்துக் கொண்டிருக்கிறது குழந்தை. டம்ளர் எங்கே விழுந்தது என்றே எனக்குத் தெரியாது. மூடி இறுக்கமாக இருந்ததால் பிழைத்தோம். வாயையும் கையையும் கழுவி, சட்டையைக் கழற்றி, அப்படியே டாக்டரிடம் ஓடினோம். "உள்ளே ஒன்றும் போகவில்லை" என்று அவர் சொன்ன பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

களைக்கொல்லிகளில் பாராகுவாட் என்று ஒன்று உண்டு. ஒரு வாய் உள்ளே போனாலே உயிருக்கு ஆபத்து; அதற்கு முறிவு மருந்தே கிடையாது. எங்கள் பாட்டிலில் இருந்தது அதுவா வேறா, யாருக்குத் தெரியும்? சீட்டு ஒட்டாத பாட்டில் ஆயிற்றே! அப்படி எதையாவது குழந்தை குடித்துவிட்டால், உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்கிறேன் என்று நேரத்தைக் கடத்தாதீர்கள். அது கெடுதல். மருந்து இருந்த டப்பாவையும் எடுத்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

அன்றோடு மருந்துப் பேச்சை விட்டேன். கையால்தான் பிடுங்குகிறேன். அதிலும் ஒரு பக்குவம் இருக்கிறது, சகோதரிகளே!

முதல் நாள் சாயங்காலம் தண்ணீர் நன்றாக விட்டுவிடுங்கள். மறுநாள் காலையில் மண் இளகி, வேரோடு வரும். எனக்குக் களைக்கொத்தைவிடப் பழைய தோசைத் திருப்பிதான் கைக்கு வாகு. அம்மான் பச்சரிசி, சாரணை எல்லாம் படர்ந்து கிடக்கும். அடியில் கொடுத்து நெம்பினால் வந்துவிடும். நெருஞ்சியை மஞ்சள் பூ பார்த்ததுமே எடுத்துவிட வேண்டும். காய் முற்றி முள்ளாகிவிட்டால் குழந்தைகள் பாதம் என்ன ஆவது? எந்தக் களையானாலும் விதை விடுவதற்கு முன் முந்திக்கொண்டால் அடுத்த வருஷ வேலை பாதி குறைந்தது. கோடை மழை பெய்து இரண்டு வாரத்தில் இன்னொரு கூட்டம் முளைக்கும். அதை இரண்டு இலையிலேயே கிள்ளிவிடலாம்.

கோரை மட்டும் இந்த வழிக்கெல்லாம் மசியாது. மேலே இழுத்தால் புல் கையோடு வரும், கிழங்கு மண்ணுக்குள்ளேயே சிரிக்கும். ஒரு கிழங்கிலிருந்து இன்னொன்று என்று கீழே சங்கிலி போட்டிருக்கும். ஈரம் இருக்கும்போது தோண்டிக் கிழங்கோடு எடுக்க வேண்டும். விட்டுப்போனது மறுபடி இலை விட்டால், விட விடப் பிடுங்க, அது மெல்ல மெல்லத்தான் சோரும். எடுத்த கிழங்கை நான் வீணாக்குவதில்லை. கழுவிக் காயவைத்துக் குளியல் பொடிக்கு அரைக்கப் போட்டுவிடுவேன்.

களை வர நாமே இடம் கொடுக்கிறோம் என்பது எனக்குத் தாமதமாகத்தான் புரிந்தது. பார்க்க நன்றாக இருக்கிறதே என்று புல்லை மொட்டையடிப்பேன். வெயில் நேரே மண்ணில் பட்டு, தூங்குகிற விதையெல்லாம் எழுந்துகொள்ளும். இப்போது ஒரு தடவையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெட்ட விடுவதில்லை. தினமும் பன்னீர் தெளிப்பது போலத் தெளிக்காமல், வாரம் இரண்டு மூன்று நாள் மண் ஆழமாக நனையும்படி காலையில் தண்ணீர். சொட்டையான இடத்தில் அருகம்புல் வேரை நட்டுச் செம்மண் தூவிவிட்டால், களைக்கு இடமில்லை. எருவும் நன்றாக மக்கியதாகப் பார்த்து வாங்குங்கள். மக்காத எருவில் களை விதை இலவசம்! சிமெண்ட் வெடிப்பில் முளைப்பதற்கு, சோறு வடித்த கஞ்சியைக் கொதிக்கக் கொதிக்க ஊற்றுங்கள். குழந்தைகள் பக்கத்தில் இல்லாதபோதுதான்.

பார்த்தீனியத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். சாமந்தி இலை போல இலை, தலையில் பொடிப்பொடியாக வெள்ளைப் பூ. அமெரிக்கக் கண்டத்துச் செடி. 1955-ல் புனேயில் கண்டதாகச் சொல்கிறார்கள், இன்று இது இல்லாத காலிமனை உண்டா? ஒரே செடி ஆயிரக்கணக்கில் விதை விடும். விஷயம் தெரியாமல் நான் வெறுங்கையால் பிடுங்கி, முழங்கை வரை தடித்துப் பத்து நாள் சொறிந்தேன். சிலருக்குத் தும்மலும் இழுப்புமே வந்துவிடும். கையுறை இல்லாவிட்டால் பிளாஸ்டிக் பையையாவது கையில் மாட்டிக்கொண்டு, மூக்கில் துணி கட்டி, பூக்கும் முன் எடுங்கள். முடிந்ததும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். குழந்தைகளை உதவிக்குக் கூப்பிடவே கூடாது.

ஆனால் நான் ஒருத்தி பிடுங்கி என்ன பயன்? பக்கத்துக் காலிமனை முழுக்க அதுதான். காற்றடித்தால் விதை எங்கள் வாசலில். மனைக்காரர் வெளியூர். இந்த வருஷம் மாசியில் அவருக்கு போன் செய்து அனுமதி கேட்டுக்கொண்டு, எங்கள் தெருப் பெண்கள் ஐந்து பேர் ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் கையுறையோடு இறங்கினோம். வேடிக்கை பார்க்க வந்த ஆண்பிள்ளைகளும் பத்து மணிக்குள் குனிந்துவிட்டார்கள். என் கணவர் உட்பட. பங்குனியில் எங்கள் புல்தரையில் பார்த்தீனியம் எண்ணி நாலே நாலு. கோரைதான் இன்னும் அடங்கவில்லை.