வரப்பும் பட்டாவும்: நகலெடுக்காமல் அணிகளை இணைத்தல்

நுழையும்முன்

இரண்டு அணிகளை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி இணைப்பது தாளில் எளிய செயல். கணினியிலோ அதுவே நினைவகத்தை நிரப்பிக் கணக்கீட்டை நிறுத்திவிடக்கூடும். அதனைத் தவிர்க்கும் வழியைத் தென்காசி வயல்வெளி வாயிலாக அறிவோம்.

குற்றால மலையிலிருந்து இறங்கும் சிற்றாறு, தென்காசி வட்டார வயல்களை வளப்படுத்துகிறது. அடுத்தடுத்துள்ள இரு வயல்களை ஒன்றாக்க விரும்பும் உழவர், இடையிலுள்ள வரப்பை வெட்டிவிடுகிறார். வயல்கள் தனித்தனியே இருந்தால், மண்ணை அள்ளிச் சென்று ஓரிடத்தில் குவிப்பதில்லை. ஒரே பட்டாவில் இரண்டின் புல எண்களும் இடம்பெறுகின்றன. நிலம் நகர்வதில்லை, கணக்கு ஒன்றாகிறது.

நினைவகமும் வரிசையாக அமைந்த நிலம் போன்றதே. 10,000 நிரைகளும் 10,000 நிரல்களும் கொண்ட அணியில் 10 கோடி எண்கள் உள்ளன. எண்ணுக்கு 8 பைட்டு எனில், அணிக்கு 80 கோடி பைட்டு தேவை. இத்தகைய இரண்டு அணிகளைப் பைத்தான் மொழியின் நம்பை நூலகத்திலுள்ள 'கன்கேட்டினேட்' கட்டளையால் இணைத்தால், 160 கோடி பைட்டுக்குப் புதிய இடம் ஒதுக்கப்பட்டு எல்லா எண்களும் நகலெடுக்கப்படும். பழைய அணிகளும் இருப்பதால் மொத்தத் தேவை 320 கோடி பைட்டு. 4 ஜிபி நினைவகமுள்ள மடிக்கணினியில் பிற மென்பொருள்களுக்கும் இடம் வேண்டுமாதலால், பணி தடைபடலாம். இத்தனைக்கும் புதிதாக ஓர் எண்கூடப் பிறக்கவில்லை!

இதற்கு இரண்டு தீர்வுகள் உண்டு. முதலாவது, வரப்பு முறை. தொடக்கத்திலேயே 20,000 நிரைகளுக்கு இடம் ஒதுக்கி, மேற்பாதிக்கு ஒரு பெயரும் கீழ்ப்பாதிக்கு மற்றொரு பெயரும் இடவேண்டும். இப்பெயர்கள் நகல்கள் அல்ல. தொடங்கும் இடத்தையும் அளவையும் மட்டும் குறிக்கும் 'பார்வைகள்'. இரு பாதிகளும் நிரம்பியதும் இணைப்பு தானே முடிந்திருக்கும்.

இரண்டாவது, பட்டா முறை. அணிகள் ஏற்கெனவே வெவ்வேறிடங்களில் இருந்தால், அவற்றின் இருப்பிடங்களை மட்டும் பட்டியலிட்டுக்கொள்ளலாம். இணைந்த அணியை ஒரு வெக்டரால் பெருக்க வேண்டுமா? ஒவ்வோர் அணியையும் தனித்தனியே பெருக்கி, விடைகளை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதினால் போதும். விடையில் இருப்பவை 20,000 எண்களே.

எனினும், ஓர் எச்சரிக்கை தேவை. வரப்பு வெட்டிய வயலில் ஒருபுறம் பாய்ச்சும் நீர் மறுபுறமும் பரவும். அதுபோல, பார்வையின் வழியே ஓர் எண்ணை மாற்றினால் மூல அணியும் மாறிவிடும். பிழைச்செய்தி எதுவும் தோன்றாது. மூலத்தை மாறாமல் காக்க வேண்டிய இடத்தில் நகலெடுப்பதே முறை. எனவே, இணைக்கும் முன் எண்கள் இடம்பெயர வேண்டுமா, அவற்றைப் படிக்கும் முறை மட்டும் மாறினால் போதுமா என்று சிந்தித்தல் வேண்டும்.